ஃப்ரீலான்ஸ் ஸ்வாஹிலி மொழிபெயர்ப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்த வேலைக்கு வர நினைப்பவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பதை ஒரே இடத்தில் எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது. நான் ஆங்கிலத்துக்கும் ஸ்வாஹிலிக்கும் நடுவில் எழுத்து வேலையும் செய்கிறேன், பேச்சு வேலையும் செய்கிறேன். மாதச் சம்பளம் கிடையாது, வேலை வந்தால் காசு. ஸ்வாஹிலிச் சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதினால் கொஞ்சம் விநோதமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

டிரான்ஸ்லேட்டர், இன்டர்ப்ரெட்டர் இரண்டும் ஒன்றுதானே?

இல்லை. தமிழில் இரண்டு பேரையும் மொழிபெயர்ப்பாளர் என்றே சொல்லிப் பழகிவிட்டோம், அதனால் வரும் குழப்பம் இது. ஸ்வாஹிலியில் தெளிவாகவே இரண்டு சொல் இருக்கிறது: எழுத்தில் செய்பவர் ம்ஃபாசிரி, வாயால் செய்பவர் ம்கலிமானி. ம்ஃபாசிரிக்கு அகராதியைப் புரட்ட நேரம் உண்டு, ராத்திரி தூங்கி எழுந்து காலையில் ஒரு வாக்கியத்தை மாற்றலாம். ம்கலிமானிக்கு மூச்சு விடுகிற நேரம்தான். எழுத்தில் கெட்டிக்காரராக இருப்பவர் ஃபோனில் திணறுவதையும், வாயில் வெளுத்து வாங்குபவர் இரண்டு பக்கம் எழுதச் சொன்னால் பிழையாக எழுதுவதையும் நிறையப் பார்த்திருக்கிறேன். ஆரம்பத்தில் இரண்டையும் முயன்று பாருங்கள், ஒரு வருடத்தில் எது உங்களுக்கு ஒத்துவருகிறது என்று தெரிந்துவிடும்.

வேலை எங்கிருந்து வருகிறது?

தான்சானியா, கென்யா, உகாண்டா, ருவாண்டா, புருண்டி, கிழக்குக் காங்கோ என்று பெரிய நிலப்பரப்பில் புழங்கும் மொழி இது. 2010 அரசியல் சாசனப்படி கென்யாவில் ஆங்கிலத்தோடு சேர்ந்து ஆட்சி மொழி. காங்கோ ஜனநாயகக் குடியரசின் நான்கு தேசிய மொழிகளில் ஒன்று. 2022-ல் ஆப்பிரிக்க ஒன்றியத்தின் அலுவல் மொழிகளில் ஒன்றாகவும் ஆனது. யுனெஸ்கோ ஜூலை 7-ஐ உலகக் கிஸ்வாஹிலி நாள் என்று அறிவித்திருக்கிறது. இதெல்லாம் பெருமைக்கு நன்றாக இருக்கும், ஆனால் நமக்கு வேலை கொடுப்பது பெரும்பாலும் மாநாடுகள் கிடையாது. எழுத்தில் வருவது தொண்டு நிறுவனங்களின் சுகாதாரத் துண்டறிக்கை, ஆய்வுக்கான சம்மதப் படிவம், கைபேசிச் செயலி, பிறப்புச் சான்றிதழ். பேச்சில் வருவது மருத்துவமனை, பள்ளிக்கூடம், அகதி விசாரணை, நீதிமன்றம்.

பேச்சு வேலையில் பெரிய பங்கு காங்கோ அகதிகளால் வருவது. தான்சானியாவின் ந்யாருகுசு, உகாண்டாவின் நகிவாலே போன்ற இடங்களில் பல வருடம் இருந்துவிட்டு அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா என்று குடியேறியவர்கள். அவர்களுடைய முதல் தடுப்பூசியிலிருந்து பிள்ளையின் பள்ளிச் சேர்க்கை வரை ஒவ்வொன்றுக்கும் யாராவது ஒருவர் நடுவில் நின்று பேச வேண்டியிருக்கிறது. சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தில் காங்கோ, கென்யா வழக்குகளிலும் ஸ்வாஹிலி மொழிபெயர்ப்பு நடந்திருக்கிறது. ஆனால் அந்த நாற்காலிக்குப் போக நெடுந்தூரம் நடக்க வேண்டும்.

எனக்கு ஸ்வாஹிலி நன்றாகப் பேச வரும். போதாதா?

எந்த ஸ்வாஹிலி என்று முதலில் சொல்லுங்கள். 1928-ல் மொம்பாசாவில் கூடிப் பேசி, சான்சிபார் நகரப் பேச்சான கியுங்குஜாவை அடிப்படையாக வைத்துத்தான் பொது வழக்கை உருவாக்கினார்கள். பாடப்புத்தகத்தில் நீங்கள் படித்தது அது. மொம்பாசாவில் கிம்விட்டா, லாமுவில் கியாமு, சோமாலியாவின் தென்கரையில் கிபாஜுனி. நைரோபித் தெருவில் ஸ்வாஹிலியும் ஆங்கிலமும் கலந்த ஷெங், அங்கே போலீஸ்காரர் 'கராவோ', அந்தச் சொல்லை எந்தப் பாடத்திலும் படித்திருக்க மாட்டீர்கள். காங்கோக்காரர் 'ம்டோடோ' என்பதற்குப் பதில் 'முடோடோ' என்பார், 'ஊகாலி' என்ற களி அவர் வாயில் 'புகாலி' ஆகிவிடும், தேதியும் வயதும் சம்பளமும் சட்டென்று பிரெஞ்சு எண்ணில் வந்து விழும். உங்களுக்குப் பிரெஞ்சு எண்கள் தெரியாது என்றால், ஒருவர் 1997 என்று சொன்னதை விட்டுவிட்டு முழிக்க வேண்டியதுதான். ஒரே ஒரு வார இறுதியை ஒதுக்கி ஒன்றிலிருந்து நூறு வரை, பிறகு வருடங்கள் சொல்லும் முறை, மாதப் பெயர்கள், இவ்வளவையும் காதுக்குப் பழக்கிக்கொள்ளுங்கள்.

எழுத்திலும் இந்தத் தகராறு உண்டு. கம்ப்யூட்டரைத் தான்சானியாக்காரர் 'கொம்ப்யூட்டா' என்று போட்டுவிட்டு நிம்மதியாகப் போய்விடுவார். கென்யாவில் பள்ளியில் படித்தவர் 'டாராகிலிஷி' என்று சிவப்பு மையில் திருத்துவார். இருவரும் சரி. ஆகவே வேலையை ஒப்புக்கொள்ளும்போதே 'படிக்கப்போவது எந்த நாட்டு ஆட்கள், சரிபார்ப்பவர் எந்த நாட்டுக்காரர்' என்று இரண்டு கேள்வி கேட்டு, பதிலை மின்னஞ்சலில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கேட்காமல் விட்டதால் 6,000 சொல் உள்ள ஒரு கையேட்டை நான் பாதிக்குமேல் இரண்டாவது தடவை எழுதியிருக்கிறேன், அதுவும் இலவசமாக.

பேச்சு வேலையில் அடிக்கடி வழுக்குவது எங்கே?

நேரத்தில். வேறு எதிலும் இவ்வளவு பேர் விழுவதில்லை.

ஸ்வாஹிலியில் நாள் தொடங்குவது விடியலில். நிலநடுக்கோட்டுப் பக்கம் வருடம் முழுக்க ஏறக்குறைய ஆறு மணிக்கே சூரியன் வந்துவிடுவதால் காலை ஏழு மணிதான் முதல் மணி, 'சா மோஜா'. எட்டு மணி இரண்டாவது. நம் நாழிகைக் கணக்கும் சூரிய உதயத்திலிருந்து ஓடியதுதானே, அதே மாதிரி. ஆறு மணி வித்தியாசம். முள் கடிகாரத்தில் எதிர்ப்பக்கம் இருக்கும் எண்ணைப் படித்தால் போதும் என்று எல்லோரும் சொல்லிக்கொடுப்பார்கள், கேட்க சுலபமாகத்தான் இருக்கும்.

அப்புறம் ஒருநாள் விடிகாலை நாலு மணிக்கு ஃபோன். குழந்தை வாந்தி எடுக்கிறது, எப்போது ஆரம்பித்தது என்று மருத்துவர் கேட்கிறார், தாய் 'சா நானே உசிகு' என்கிறார். நானே என்றால் எட்டு, உசிகு என்றால் இரவு. தூக்கக் கலக்கத்தில் 'இரவு எட்டு மணி' என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டேன். உண்மையில் அது ராத்திரி இரண்டு மணி. இரண்டு மணி நேரமாக வாந்தி எடுக்கும் குழந்தை என் வாயால் எட்டு மணி நேரமாக வாந்தி எடுக்கும் குழந்தையாகிவிட்டது. மருத்துவர் குரல் மாறுகிறது, கேள்விகள் வேகமாகின்றன, அந்தத் தாய்க்கு ஏன் இந்தப் பதற்றம் என்று புரியவில்லை. 'சா டிசா', அதாவது ஒன்பதாம் மணிக்கு, தண்ணீர் கொடுத்தேன் என்று அவர் அடுத்துச் சொன்னபோதுதான் எனக்கு உறைத்தது. 'மொழிபெயர்ப்பாளர் ஒரு திருத்தம் சொல்ல வேண்டும்' என்று நிறுத்தி, இரண்டு பக்கமும் விளக்கினேன். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் திருத்தாமல் விட்டிருந்தால் அதற்கு என்ன பெயர் என்று உங்களுக்கே தெரியும். இப்போதெல்லாம் நேரம் வந்தாலே 'விடிவதற்கு முன்பா, இருட்டிய உடனேயா' என்று அனுமதி கேட்டு உறுதி செய்துகொள்கிறேன்.

கிழமைகளிலும் இதே வலை. 'ஜுமாடாட்டு'வில் மூன்று இருக்கிறது, ஆனால் அது திங்கட்கிழமை. எண்ணிக்கை சனிக்கிழமையில் தொடங்குவதால் இப்படி. செவ்வாய்க்குள் நான்கும் புதனுக்குள் ஐந்தும் ஒளிந்திருக்கின்றன. மருத்துவமனை அப்பாயின்ட்மென்ட் சொல்லும்போது கிழமையோடு தேதியையும் சேர்த்துச் சொல்லச் சொல்லுங்கள்.

உறவுமுறை எப்படி?

இங்கே தமிழ் தெரிந்தவருக்கு யோகம். அப்பாவின் தம்பி 'பாபா ம்டோகோ', சின்ன அப்பா, நம் சித்தப்பா. அப்பாவின் அண்ணன் 'பாபா ம்குப்வா', பெரியப்பா. அம்மாவின் அக்கா தங்கைக்கும் அதே கணக்கு. தாய்மாமனுக்கு 'ம்ஜோம்பா', அத்தைக்கு 'ஷங்காஸி' என்று தனிச்சொல். ஸ்வாஹிலியில் 'மாமா' என்றால் அம்மா, 'காக்கா' என்றால் அண்ணன், 'டாடா' என்றால் அக்கா, சிரித்து முடித்துவிட்டுத் தொடருங்கள்.

ஆங்கிலத்தில் இவை எல்லாம் அங்கிள், ஆன்ட்டி என்று ஒரே மூட்டையில் போய்விடும். அகதி விசாரணையில் அது வினை. முதல் நேர்காணலில் ஒரு மொழிபெயர்ப்பாளர் 'பாபா ம்டோகோ'வை 'அப்பா' என்று சொல்லியிருப்பார், இரண்டாவதில் இன்னொருவர் 'அங்கிள்' என்பார், அதிகாரி இரண்டு காகிதத்தையும் பக்கத்தில் வைத்து 'போன தடவை அப்பா கொல்லப்பட்டார் என்றீர்கள், இப்போது அங்கிள் என்கிறீர்களே' என்பார். சொன்னவர் ஒரே ஆளைத்தான் சொன்னார், பொய்யர் என்ற பெயர் அவருக்கு வந்து சேரும். 'அப்பாவின் தம்பி' என்று நீட்டிச் சொல்லுங்கள், இரண்டு வினாடிதான் கூடும். சித்தப்பா மகனை 'காக்கா' என்று சொன்னால் அது உடன்பிறந்த அண்ணனா என்பது தெரியாது. அந்த இடத்தில் உங்கள் ஊகத்தைச் சொல்லாமல், அந்தச் சொல் இரண்டுக்கும் வரும் என்று அதிகாரியிடம் சொல்லிவிடுங்கள். கேள்வியை அவர் கேட்கட்டும்.

அவன், அவள் பிரச்சினை?

'யேயே' என்றால் அவன், அவள், அவர் எல்லாம். வினையிலும் பால் தெரியாது. தமிழுக்குப் போனால் 'அவர்' என்று ஒதுங்கலாம், ஆங்கிலத்தில் எதையாவது ஒன்றைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும். திருமணத்தில் மட்டும் குட்டு வெளிப்படும்: ஆண் 'அமேஓவா', கட்டிக்கொண்டான். பெண் 'அமேஓலேவா', கட்டிக்கொள்ளப்பட்டாள். இப்படி ஒரு தடயம் பின்னால் எங்கேயோ கிடைக்கும் என்பதால் எழுத்து வேலையில் முழுக் கோப்பையும் ஒருமுறை படிக்காமல் முதல் வரியைத் தொடாதீர்கள். பேச்சு வேலையில் அந்த வசதி இல்லை, கேட்டுவிடுங்கள்.

நீதிமன்ற வேலையில் என்ன கவனிக்க வேண்டும்?

'போலே' என்ற ஒரு சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவர் கால் தடுக்கினால், காய்ச்சலில் படுத்தால், வீட்டில் சாவு விழுந்தால், பஸ்ஸில் நெரிசலில் நின்றால்கூட 'போலே' சொல்வார்கள். 'ஐயோ பாவம்', 'உங்களுக்கு இப்படி ஆகிவிட்டதே' என்ற ஆறுதல் அது. தப்பு செய்தவர் மன்னிப்புக் கேட்க 'சமஹானி', 'நிசமேஹே' என்று வேறு சொற்கள் இருக்கின்றன. இப்போது ஒரு சாலை விபத்து வழக்கு. வண்டியிலிருந்து இறங்கிய ஓட்டுநர் அடிபட்டவரிடம் 'போலே சானா' என்றார் என்று சாட்சி சொல்கிறது. நீங்கள் அதை ஆங்கிலத்தில் 'வெரி சாரி' என்று மாற்றினால் என்ன ஆகும்? குற்றத்தை ஒப்புக்கொண்ட மாதிரி பதிவாகும். 'அனுதாபம் தெரிவித்தார்' என்ற பொருளில் சொல்லி, தேவைப்பட்டால் அந்தச் சொல்லைப் பற்றி நீதிபதியிடம் விளக்க அனுமதி கேட்க வேண்டும்.

இன்னொன்று, எதிர்மறைக் கேள்வி. 'நீ அங்கே போகவில்லை?' என்று வக்கீல் கேட்டால் ஸ்வாஹிலி பேசுபவர் 'ந்டியோ' என்று பதில் சொல்லலாம். அதன் அடிப் பொருள் 'அப்படித்தான்'. நாம் 'ஆமாம், போகவில்லை' என்று சொல்வது போல. அதை வெறும் 'எஸ்' என்று திருப்பினால் ஆங்கிலக் காதில் அது எந்தப் பக்கமும் சாயும். 'ஆமாம், போகவில்லை என்கிறீர்களா?' என்று கேட்டுத் தெளிவாக்க அனுமதி வாங்குங்கள்.

ஒற்றை உயிரெழுத்தில் தலைகீழாகும் வினைகளும் உண்டு. 'ஹுவூட்டா சிகாரா' என்றால் வழக்கமாகப் புகைப்பது. 'ஹுவூட்டி சிகாரா' என்றால் நீ புகைப்பதில்லை. முதல் எழுத்து ஒன்றுதான், கடைசியில் ஆ-வா ஈ-யா என்பதில்தான் எல்லாம். இரைச்சலான ஃபோனில் இதைக் கேட்டுப் பாருங்கள், நல்ல ஹெட்செட்டுக்கு ஏன் காசு போடச் சொல்கிறேன் என்று புரியும்.

மருத்துவச் சொற்கள் கடினமா?

பயப்படுகிற அளவுக்கு இல்லை. கடினச் சொல்லைத் தேடிப் படித்துவிடலாம், சுலபமான சொல்தான் ஏமாற்றும். 'டாவா' என்பது மருந்து, பூச்சிக்கொல்லியும் டாவா, பற்பசை 'பல்லுக்கான டாவா'. மருத்துவர் ஆங்கிலத்தில் 'டிரக்ஸ் எடுத்துக்கொள்கிறீர்களா' என்று கேட்கும்போது போதைப்பொருளா மாத்திரையா என்று பிரிக்காமல் 'டாவா' என்று மட்டும் சொன்னால் ஆமாம் என்ற பதில்தான் வரும், பிறகு அறையில் ஒரு சங்கடமான அமைதி. போதைப்பொருளுக்கு 'டாவா ஸா குலேவ்யா' என்று முழுதாகச் சொல்ல வேண்டும். 'சுகாரி' என்றால் சர்க்கரை, சர்க்கரை நோயும் அதுதான், நமக்குப் பழக்கமான வழக்கு. 'ம்கோனோ' நம் கை மாதிரியே தோளிலிருந்து விரல் வரை, 'ம்கூ' நம் கால் மாதிரி தொடையிலிருந்து பாதம் வரை. வலி எந்த இடத்தில் என்று தொட்டுக் காட்டச் சொல்லுங்கள். ஃபோனாக இருந்தால் மருத்துவர்தான் கேட்டு வாங்க வேண்டும்.

சான்றிதழ் கட்டாயமா?

நாட்டைப் பொறுத்தது. அமெரிக்காவில் கூட்டாட்சி நீதிமன்றங்களின் சான்றிதழ்த் தேர்வு இப்போது ஸ்பானிஷுக்கு மட்டும்தான். ஸ்வாஹிலிக்காரர்களை வேறு தகுதிகளை வைத்து எடுத்துக்கொள்கிறார்கள். மருத்துவத் துறையில் கோர்சிஹெச்ஐ என்ற தேர்வு எந்த மொழிக்காரரும் எழுதலாம், ஆங்கிலத்திலேயே ஒழுக்கநெறியும் நடைமுறையும் கேட்பார்கள். பிரிட்டனில் பொதுச்சேவைப் பேச்சு மொழிபெயர்ப்புக்கான டிபிஎஸ்ஐ பட்டயமும், என்ஆர்பிஎஸ்ஐ என்ற பதிவேட்டில் பெயரும் மதிப்புள்ளவை. ஆஸ்திரேலியாவில் நாட்டி என்ற அமைப்பின் சான்றிதழ். எழுத்து வேலைக்கு இவை இல்லாமலும் வேலை வரும். பிறப்புச் சான்றிதழை அமெரிக்கக் குடியேற்றத் துறைக்காக மொழிபெயர்த்தால், 'இது முழுமையானது, சரியானது, இரண்டு மொழியும் எனக்குத் தெரியும்' என்று நீங்களே கையெழுத்திட்டுத் தருவதைத்தான் கேட்கிறார்கள்.

எவ்வளவு கேட்பது?

தொகை சொல்ல மாட்டேன், அது நாட்டுக்கு நாடு, வாடிக்கையாளருக்கு வாடிக்கையாளர் மாறும். எப்படி எண்ணுவது என்று சொல்கிறேன், அங்கேதான் நிறையப் பேர் நஷ்டப்படுகிறார்கள்.

எழுத்து வேலைக்குச் சொல் கணக்கு. 'ஹட்டுடாவாஓனா' என்பது ஸ்வாஹிலியில் ஒரே சொல். ஆங்கிலத்தில் ஐந்து சொல், நாங்கள் அவர்களைப் பார்க்கமாட்டோம் என்று பொருள். நம் 'பார்க்கமாட்டோம்' மாதிரி ஒட்டு ஒட்டாகச் சேர்வது. அதனால் ஸ்வாஹிலியிலிருந்து ஆங்கிலத்துக்குச் செய்யும்போது மூலத்தின் சொல்லை எண்ணிக் காசு கொடுத்தால் உழைப்பில் ஒரு பங்கு காற்றில் போகும். அந்தத் திசைக்கு வேறு விலை வையுங்கள், அல்லது ஆங்கிலச் சொல்லை எண்ணச் சொல்லுங்கள். நிதானமாகச் செய்தால் ஒரு நாளைக்கு 2,000 சொல், கொஞ்சம் கூட. அதற்குமேல் வாக்குக் கொடுக்காதீர்கள்.

ஃபோன் வேலைக்கு நிமிடக் கணக்கு. பேசிய நிமிடத்துக்கு மட்டும் காசு, காத்திருந்ததற்கு இல்லை. ஒரு மாதம் எழுதிவைத்துப் பாருங்கள், எட்டு மணி நேரம் உட்கார்ந்ததில் எத்தனை நிமிடம் பேசினீர்கள் என்று. நேரில் போகும் வேலைக்குக் குறைந்தபட்ச மணி நேரம், பயணச் செலவு, கடைசி நேரத்தில் ரத்து செய்தால் எவ்வளவு என்ற மூன்றும் முன்கூட்டியே எழுத்தில் இருக்கட்டும். கூண்டுக்குள் உட்கார்ந்து உடனுக்குடன் செய்யும் மாநாட்டு வேலைக்கு இரண்டு பேர் வேண்டும், இருபது முப்பது நிமிடத்துக்கு ஒருமுறை மாற்றிக்கொள்வார்கள். 'ஒருவரே நாள் முழுக்கப் பாருங்களேன்' என்று கேட்பவரிடம் மறுத்துவிடுங்கள்.

செயலி, இணையதள வேலை எப்படி?

காசு வரும், தலைவலியும் வரும். 'இன்னது நீக்கப்பட்டது' என்று ஒரு வரி, 'இன்னது' இருக்கும் இடத்தில் ஓட்டை. தமிழில் பிழைத்துக்கொள்ளலாம். ஸ்வாஹிலியில் பெயர்ச்சொல் எந்த வகுப்போ அதற்கேற்ப வினையின் முன்னொட்டு மாறும்: புத்தகம் என்றால் 'கிமேஃபுட்வா', கோப்பு என்றால் 'லிமேஃபுட்வா', படம் என்றால் 'இமேஃபுட்வா'. ஓட்டையில் என்ன வரும் என்று புரோகிராமரைக் கேட்டால் 'எது வேண்டுமானாலும்' என்பார். அப்போது வாக்கியத்தைப் பிரித்து, 'நீக்கம் முடிந்தது:' என்று போட்டு முக்காற்புள்ளிக்குப் பின் பெயரை விட்டுவிடுவது என் வழக்கம். அழகில்லை, ஆனால் பிழையுமில்லை.

மெஷின் வந்துவிட்டதே, இனி நமக்கு வேலை இருக்குமா?

இருக்கிறது, வடிவம் மாறியிருக்கிறது. சுமாரான வரவேற்புக் கடிதம், பொருள் விவரம் எல்லாம் மெஷின் செய்து, நம்மைத் திருத்தச் சொல்கிறார்கள், பாதி விலையில். ஒப்புக்கொள்வதற்கு முன் ஒரு பக்கத்தை வாங்கிப் பாருங்கள். யேயே வரும் இடத்திலெல்லாம் ஆணாகவே போட்டிருக்கிறதா, 'சா நானே' எட்டு மணியாக இருக்கிறதா என்று இரண்டை மட்டும் தேடினாலே தரம் தெரிந்துவிடும். மோசமாக இருந்தால் திருத்துவதைவிடப் புதிதாக எழுதுவது சீக்கிரம் முடியும். அப்படியே சொல்லி முழு விலை கேளுங்கள், சிலர் கொடுக்கிறார்கள்.

முதல் வேலை எப்படிப் பிடிப்பது? மோசடி உண்டா?

ப்ரோஸ், டிரான்ஸ்லேட்டர்ஸ் கஃபே போன்ற தளங்களில் பெயரைப் பதியுங்கள், தொலைபேசி மொழிபெயர்ப்பு நிறுவனங்களுக்கு நேராக விண்ணப்பியுங்கள். அனுபவமே இல்லை என்றால் டிரான்ஸ்லேட்டர்ஸ் வித்தவுட் பார்டர்ஸ் மாதிரி இடத்தில் தன்னார்வமாகச் செய்யலாம். மாதிரி மொழிபெயர்ப்பு கேட்டால் 200, 300 சொல் வரை செய்து கொடுக்கலாம், மூன்று பக்கம் கேட்டால் அது மாதிரி கிடையாது, உங்கள் தலையில் மிளகாய் அரைப்பது.

மோசடி நிறைய. நம் பயோடேட்டாவைத் திருடி மின்னஞ்சல் முகவரியை மட்டும் மாற்றி நம் பெயரில் வேலை வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். அதிகப் பணத்துக்குக் காசோலை அனுப்பி, மீதியைத் திருப்பி அனுப்பச் சொல்வது இன்னொரு வகை. காசோலை அப்புறம் திரும்பிவிடும், நீங்கள் அனுப்பியது போனதுதான். ப்ரோஸில் நிறுவனங்களைப் பற்றி மற்றவர்கள் எழுதியிருப்பதைப் படியுங்கள். ஒரு நிறுவனம் எனக்கு 30 நாள் என்று சொல்லி நாலு மாதம் இழுத்தடித்தது, கடைசியில் புது வேலை கேட்டு அவர்களே எழுதியபோது 'பழைய பாக்கி வந்ததும் தொடங்குகிறேன்' என்றேன், இரண்டே நாளில் வந்துவிட்டது.

மனசு தாங்குமா?

யாரும் முதலிலேயே கேட்பதில்லை. மொழிபெயர்ப்பாளர் 'அவர் சொல்கிறார்' என்று சொல்லக்கூடாது, 'நான்' என்றே பேச வேண்டும் என்பது விதி. கிழக்குக் காங்கோவிலிருந்து வந்த ஒரு பெண் தனக்கு நடந்ததைச் சொல்லும்போது அதை நீங்கள் 'எனக்கு', 'என்னை' என்று உங்கள் வாயால் சொல்கிறீர்கள், ஒரு மணி நேரம், இடைவெளியில்லாமல். அன்றைக்கு ராத்திரி தூக்கம் வராது. ரகசியக் காப்பு இருப்பதால் வீட்டில் யாரிடமும் கொட்டவும் முடியாது. நான் செய்வது: அப்படி ஒரு அழைப்புக்குப் பின் அடுத்த அழைப்பை எடுப்பதில்லை, குறிப்பு எடுத்த தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு வெளியே நடக்கப் போய்விடுவேன். நிமிடக் காசு போகும், போகட்டும். ஒரே மாதிரி வேலையில் இருக்கும் ஒருவரிடம் பெயர், ஊர், விவரம் எதுவும் இல்லாமல் 'இன்றைக்குக் கனமான நாள்' என்று சொல்வதும் உதவுகிறது.

குடும்பத்தில் யாராவது பேசினால் போதாதா, எதற்கு ஆள் வைக்கிறார்கள்?

பத்து வயது மகனிடம் அம்மாவின் கருப்பை பற்றிப் பேசச் சொல்வீர்களா? அமெரிக்காவில் அரசு நிதி பெறும் மருத்துவமனைகள் அவசர நிலை தவிரக் குழந்தைகளை இப்படிப் பயன்படுத்தச் சட்டமே தடை சொல்கிறது.

தமிழ்-ஸ்வாஹிலி நேரடி வேலை வருமா?

எனக்கு வந்ததை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஆங்கிலம் அல்லது பிரெஞ்சு உங்கள் இன்னொரு காலாக இருக்க வேண்டும்.

அழைப்பு வந்ததும் என்ன சொல்லித் தொடங்குவது?

இரண்டு மொழியிலும் இதைச் சொல்லுங்கள்: நான் மொழிபெயர்ப்பாளர், நீங்கள் சொல்வதையெல்லாம் அப்படியே சொல்வேன், எதையும் சேர்க்கவோ விடவோ மாட்டேன், எல்லாம் ரகசியம், சின்னச் சின்ன வாக்கியமாகப் பேசுங்கள், புரியாவிட்டால் நிறுத்திக் கேட்பேன். முப்பது வினாடிக்குள் முடித்துவிடுங்கள்.

வணக்கத்தை மட்டும் விழுங்கிவிடாதீர்கள். சின்னவர் பெரியவரிடம் 'ஷிகாமோ' என்பார், உங்கள் காலைப் பிடிக்கிறேன் என்பதிலிருந்து வந்த சொல் என்பார்கள். அதற்குப் பதில் 'மரஹபா'. அது வராமல் பேச்சு தொடங்காது. ஒரு இளம் நோயாளி ஷிகாமோ சொல்லிவிட்டுக் காத்திருந்தார், வயதான மருத்துவர் அடுத்த கேள்விக்குப் போகப் பார்த்தார். 'இது பெரியவர்களுக்குச் சொல்லும் வணக்கம், மரஹபா என்று பதில் எதிர்பார்க்கிறார்' என்று சொன்னேன். மருத்துவர் இரண்டு தடவை தடுமாறி, மூன்றாவது தடவை சரியாகச் சொன்னார். அந்தப் பக்கம் அந்தப் பையன் சிரித்துவிட்டு, தன் இருமல் எப்போது ஆரம்பித்தது என்று சொல்லத் தொடங்கினான். நல்லவேளை, மணிக்கணக்கு எதுவும் சொல்லவில்லை, முந்தாநாள் என்றான்.